இந்த அம்பு பொய்

கபினி என்று பெயர் வைத்த அறையில்
குடிக்கத் தண்ணீர் இல்லை.
பெல்லந்தூர், நாலாவது மாடி, ஜூலை மழை.
ஏழு அணிகள் ஏழு விதமாய்
ஒரே டேட்டாபேஸை வரைந்துவைத்திருந்தோம்:
உருளையாய், பெட்டியாய், மேகமாய்,
வரிப்பிடித்தக்காரர்கள் மட்டும், ஏனோ, அறுகோணமாய்.

இனி எல்லா வடிவமைப்பு ஆவணமும்
ஒரே அச்சில் வரவேண்டுமாம்.
அச்சு செய்கிற வேலை என் தலையில்.

ஃபெமிதாவுடையது நாற்பத்தொரு பக்கம்,
அதில் ஒன்பது பக்கம் சொற்பொருள்.
அரிந்தம் சர்க்காருடையது ஒரே பக்கம்,
எறும்பு வாசிக்கிற எழுத்தில்.
மாலதேஷுடையது ஆவணமே இல்லை.
வெள்ளைப் பலகையை
போனில் எடுத்த படம்.
ட்யூப்லைட் பளிச்சென்று விழுந்து
நடுவில் ஒரு சர்வர் காணாமல் போயிருந்தது.
ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

பதினான்கு தலைப்புகள் எழுதினேன்.
நோக்கத்துக்கும் குறிக்கோளுக்கும்
என்ன வேறுபாடு என்று
ஒரு மணி நேரம் பேசினோம்.
வேறுபாடு உண்டு என்று முடிவாயிற்று.
என்ன என்பது அடுத்த கூட்டத்துக்கு.

அம்புகள் மட்டும் சண்டையில்லாமல் முடிந்தன.
முழுக்கோடு என்றால்
பதில் வரும்வரை காத்திருக்கும்.
புள்ளிக்கோடு என்றால்
சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.
மனிதரிலும் இந்த இரண்டுதான் என்று
யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

மாலதேஷின் படத்தை அச்சில் ஏற்றும்போதுதான் பார்த்தேன்.
ஓர் அம்பின் மேல் சிவப்பு மையில், கன்னடத்தில்:
ஈ பாண சுள்ளு.
இந்த அம்பு பொய்.

கேட்டேன்.
"படத்தில் நேராய்ப் போகிறது, இல்லையா?
நிஜத்தில், இரவு இரண்டு மணிக்கு
ஒரு ஸ்கிரிப்ட் வந்து ஃபைலை நகர்த்துகிறது.
யார் எழுதியது, தெரியாது.
ஒருமுறை நிறுத்திப் பார்த்தோம்.
ஆறாயிரம் பேருக்கு அந்த மாதம் சம்பளம் போகவில்லை."

அபாயங்கள் என்ற தலைப்பில் போடலாமா?
"அபாயம் என்றால் நடக்கலாம்.
இது தினம் நடக்கிறது."
அனுமானங்கள்?
"அனுமானம் இல்லையே. எனக்குத் தெரியும்."
பதினான்கையும் சொல்லிப் பார்த்தேன்.
பதினான்குக்கும் தலையாட்டி மறுத்தார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

அன்று மாலை ஹரளூர் பக்கம் ஆட்டோ.
நேராகப் போங்கள் என்றேன், போனைக் காட்டி.
ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"மேப்ல ரோடு இருக்கு மேடம்.
ரோட்ல ரோடு இல்ல."

இரவோடு இரவாக
மூன்றாவதாய் ஓர் அம்பு சேர்த்தேன்.
நெளிகோடு.
விளக்கம்: காட்டியபடி நடப்பதில்லை, காரணம் கீழே.

தணிக்கைக்காரர்கள் பார்த்தால்? என்றார் அரிந்தம்.
எத்தனை நெளிவு இருந்தால் நெளிவு? என்றாள் ஃபெமிதா,
உண்மையான அக்கறையோடு.
மேலிடம் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனை:
ஓர் ஆவணத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாது.

ஆகஸ்டில் பத்தொன்பது ஆவணங்கள் வந்தன.
எல்லாம் ஒரே முகம், ஒரே நீளம்,
பொதுத்தேர்வு விடைத்தாள்கள்.
நெளிகோடு ஒன்றுகூட இல்லை.
அன்று இரவும் இரண்டு மணிக்கு
யாரும் வரையாத எத்தனையோ
ஓடியிருக்கும்.

நேற்று மாலதேஷ் அனுப்பினார்.
பதினான்கு தலைப்பும் நிரப்பி,
எழுத்துப்பிழை திருத்தி,
கட்டைவிரல் இல்லாமல்.
சரிபார்க்கும் கருவி
சிவப்பாகத் திருப்பி அனுப்பிவிட்டது:
நெளிகோடுகள் நான்கு. வரம்பு மீறல்.

கீழே எனக்கு ஒரு வரி கேட்டிருக்கிறார்,
கிண்டலே இல்லாமல்:
இதில் எதை நேராக்கட்டும்?

இன்னும் பதில் போடவில்லை.
கபினி அறையில் விளக்கு
ஆள் அசையாததால் தானாக அணைகிறது.
கையை ஆட்டினால் எரிகிறது.
திரையில்,
ஆவணத்தின் நிலை: வரைவு.